பூஞ்சாணத்தை எதிர்க்கும் மரபணுப் பயிர்கள்: முப்பது ஆண்டுகளாக வயலுக்கு வராத ஆராய்ச்சி

நெய்வேலி நகரியத்தின் கடைசி வட்டத்தைத் தாண்டினால் எல்லாப் பக்கமும் பயிர்தான். பண்ருட்டி போகும் வழியில் செம்மண் மேட்டில் முந்திரி, பலா, மல்லாட்டை எனும் நிலக்கடலை. சேத்தியாத்தோப்பு நோக்கித் தெற்கே இறங்கினால் நெல்லும் கரும்பும். சுரங்கத்திலிருந்து இரவு பகலாக இறைக்கும் நீர் வாய்க்காலில் ஓடி வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது. இங்கே விவசாயம் என்று வாயெடுத்தாலே பேச்சு நிலம் கையகப்படுத்துவதில் போய் நிற்கும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிர் மேல் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தவர்கள் அதைப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் மிச்சமிருக்கும் நிலத்தில், ஒவ்வொரு பட்டத்திலும், விளைச்சலில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போகிற இன்னொன்று உண்டு. அது பூஞ்சாணம். பயிரின் மரபணுவிலேயே கைவைத்து அதைத் தடுக்க முடியுமா என்று உலகம் முழுக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ச்சி நடக்கிறது. அதில் ஒரு முக்கியமான பகுதி கோயம்புத்தூரிலும் மதுரையிலும் நடந்தது. நம் ஊர்ப் பேச்சுக்கு அது வரவே இல்லை.

நெல்லின் இலையுறை கருகல் நோயை முதலில் எடுத்துக்கொள்வோம். நட்டு நாற்பது, ஐம்பது நாளில் பயிர் தூர் கட்டிவிடும். வரப்பிலிருந்து பார்த்தால் வயல் பச்சைப்பசேலென்று நிற்கும். உள்ளே இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். தண்ணீர் மட்டத்தை ஒட்டிய இலையுறையில், நடுவில் சாம்பல் கலந்த பச்சையும் ஓரத்தில் பழுப்புமாக நீள்வட்டப் புள்ளிகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று கூடிப் பாம்புச் சட்டை போலப் படர்ந்து மேலே ஏறும். அதே உறையில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ரைசோக்டோனியா சொலானி என்ற பூஞ்சாணம் தன் இழைகளைச் சுருட்டி இறுக்கி வைத்திருக்கும் முடிச்சுகள் அவை. அறுவடையில் உதிர்ந்து மண்ணில் கிடக்கும். அடுத்த பட்டத்துக்குத் தண்ணீர் கட்டியதும் மிதந்து வந்து புதுப்பயிரின் தூரில் ஒட்டிக்கொள்ளும். நெருக்கி நட்டு யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் இதன் வேகம் இரட்டிப்பாகும். குட்டை ரகங்களும் தழைச்சத்தும் வருவதற்கு முன் இது சின்ன நோயாகத்தான் இருந்தது.

நெல்லின் இன்னொரு பூஞ்சாண நோயான குலைநோயின் கதை வேறு. 1910களின் இறுதியில் தஞ்சை டெல்டாவில் அது பேரழிவாக வந்தபோது, பூஞ்சாணக்கொல்லி என்று சொல்லிக்கொள்ள உழவர் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் எதிர்ப்புச் சக்தியை நம் நாட்டு ரகத்திலேயே தேடிக் கண்டுபிடித்தது. கோ 4 என்று பெயர் பெற்ற ஆனைக்கொம்பன் குலைநோயைத் தாங்கியது. அதை ஆடுதுறை 10உடன் கலந்து கோ 25 பிறந்தது. இன்று அந்த வேலை இன்னும் நுட்பமாக நடக்கிறது. டெடெப் என்ற வியட்நாம் நெல்லிலிருந்து வந்த பை54 என்ற எதிர்ப்பு மரபணுவை 2005இல் டெல்லியில் டி. ஆர். சர்மா குழு தனியே பிரித்து, அதன் வரிசையையும் வெளியிட்டது. இப்படிப்பட்ட மரபணுக்கள் இரண்டு மூன்றை, மூலக்கூறு அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துச் சாதாரணக் கலப்பின் மூலமே ஒரே ரகத்துக்குள் அடுக்க முடிகிறது. அயல் மரபணு எதுவும் இதில் இல்லை. வெளிநாட்டு அனுமதி, உள்நாட்டு அனுமதி என்று அலையவும் வேண்டாம்.

இலையுறை கருகலுக்கு இந்த வழி மூடியிருக்கிறது. உலகின் நெல் விதை வங்கிகளில் உள்ள ரகங்களைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஓரளவு தாங்குகிற ரகங்கள் உண்டு. முழுமையாக எதிர்த்து நிற்கிற ஒரு ரகம் இன்றுவரை கிடைக்கவில்லை. ரைசோக்டோனியா ஒரே இனப் பயிரை நம்பி வாழ்வதில்லை. நெல், மக்காச்சோளம், உருளை, பயறு என்று எதிலும் ஏறும். அப்படிப்பட்ட பூஞ்சாணத்துக்கு எதிராக ஒற்றை மரபணுப் பூட்டு இயற்கையில் உருவாவது அரிது. மரபணுப் பொறியியலுக்கு இங்கே நியாயமான இடம் இருக்கிறது என்று நான் கருதுவது இந்தக் காரணத்தால்தான்.

அந்தப் பொறியியல் தொடங்கிய விதம் எளிது. பூஞ்சாணத்தின் உடற்சுவர் கைட்டின், குளுக்கன் என்ற இரண்டு பொருள்களால் ஆனது. செடியின் உடலில் கைட்டின் கிடையாது. ஆனால் கைட்டினை அறுக்கும் கைட்டினேஸ் நொதியைச் செடி தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கிறது. நோய் வந்த பிறகு, மெதுவாக, கொஞ்சமாகச் சுரக்கும். அதற்குள் பூஞ்சாணம் ஊன்றிவிடும். அந்த நொதியை எப்போதும், நிறையச் சுரக்கும்படி செய்தால்? 1991இல் அமெரிக்காவில் பீன்ஸ் செடியின் கைட்டினேஸ் மரபணுவைப் புகையிலையில் ஏற்றி, அது ரைசோக்டோனியாவை முன்னைவிடத் தாங்குவதைக் காட்டினார்கள். 1995இல் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுப்பரத்தினம் முத்துக்கிருஷ்ணனும், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்வபன் தத்தாவும் சேர்ந்து, நெல்லின் சொந்தக் கைட்டினேஸ் மரபணுவையே நெல்லில் திரும்ப ஏற்றினார்கள். இலையுறை கருகல் குறைந்தது.

இதன் தொடர்ச்சிதான் தமிழ்நாட்டில் நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே. வேலுத்தம்பி குழு, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைத் தூதாக வைத்து அதே மரபணுவை நெல்லுக்குள் செலுத்தியது. 2003இல் கைட்டினேஸ் மட்டும் ஏற்றிய செடிகளைப் பற்றி எழுதினார்கள். 2008இல் கைட்டினேஸும் குளுக்கனேஸும் சேர்ந்து ஏற்றிய நெல் வந்தது. சுவரின் இரண்டு பொருள்களையும் ஒரே நேரத்தில் அறுப்பது நோக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பி. பாலசுப்பிரமணியன், ஆர். வேலழகன் முதலியோர் முத்துக்கிருஷ்ணனுடன் சேர்ந்து உள்ளூர் ரகங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். இவை தனியார் கம்பெனியின் சரக்கு இல்லை. மக்கள் வரிப்பணத்தில், நம் பல்கலைக்கழகங்களில், நாம் சாப்பிடும் நெல்லில் நடந்தவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதில் ஒரு நெல்கூட உழவன் வயலைத் தொடவில்லை.

ஏன்? சட்டத்தையும் எதிர்ப்பையும் மட்டும் காரணம் காட்டுவது பாதி உண்மை. மறுபாதி அந்த ஆராய்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. கைட்டினேஸ் நெல் நோயைக் குறைத்தது, நிறுத்தவில்லை. பருத்தியில் பிடி மரபணு காய்ப்புழுவைக் கொன்றது போன்ற திட்டவட்டமான விளைவு பூஞ்சாணத்தில் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாற்பது, ஐம்பது செடியில் நோய் குறைவது ஒன்று. மழையும் பனியும் யூரியாவும் சேர்ந்த சம்பா வயலில் நான்கு மருந்தடிப்பு இரண்டாகக் குறைவது வேறொன்று. இரண்டாவதைச் சோதிக்க வயல்வெளி ஆய்வு வேண்டும். அந்தப் படியில்தான் எல்லாம் நின்றுபோயிற்று.

இன்னொரு எச்சரிக்கையும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கோ.க. 671 முன்பருவத்திலேயே சர்க்கரை ஏறும் கரும்பு. ஆலைகளுக்கும் பிடித்தது, உழவருக்கும் பிடித்தது. தமிழ்நாடு தாண்டி குஜராத், மகாராஷ்டிரம் வரை போயிற்று. பிறகு செவ்வழுகல் அதைப் பிடித்தது. மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகும்போது சாதாரண வாட்டம் என்றே தோன்றும். கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே சிவந்து, அந்தச் சிவப்பின் குறுக்கே வெள்ளைப் பட்டைகள் இருக்கும். புளித்த சாராய வாடை வரும். அந்தக் கரணையை விதைக்கு எடுத்தால் அடுத்த வயலுக்கும் நோயைக் கையால் நட்டதாகும். வெளியிடும்போது எதிர்ப்பு இருந்த ரகம், கொலட்டோட்ரைக்கம் ஃபல்கேட்டம் என்ற பூஞ்சாணம் புது வகையாக மாறியதும் சரிந்தது. வடக்கே இது திரும்பவும் நடந்தது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மையத்தில் பக்ஷி ராம் உருவாக்கிய கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்பு நிலத்தின் பெரும்பகுதியைப் பிடித்து, சர்க்கரைத் தொழிலையே தூக்கி நிறுத்தியது. சில ஆண்டுகளில் செவ்வழுகலின் புது வகை அதையும் தாக்கியது.

இரண்டு ரகங்களும் பழைய கலப்பு முறையில் வந்தவை. ஆகவே எதிர்ப்பு உடைவது மரபணுப் பொறியியலுக்கு மட்டுமான குறை இல்லை. ஒரே ரகத்தை, ஒரே வகை எதிர்ப்பை நம்பி லட்சக்கணக்கான ஏக்கரில் நட்டால், அது எந்த முறையில் வந்த ரகமானாலும் பூஞ்சாணம் வழி கண்டுபிடிக்கும். ஆய்வகத்தில் ஏற்றிய மரபணுவுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

வாழையில் நிலைமை இன்னும் நெருக்கடியானது. ரஸ்தாளியைப் பிடிக்கும் பனாமா வாடல் மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். மருந்து கிடையாது. ஒரு முறை வந்த கொல்லையில் ரஸ்தாளி வைக்க முடியாமல் போய்விடுகிறது. அதற்கு விதையும் இல்லை. பக்கக் கன்றில்தான் இனம் பெருகுகிறது. ஆகவே கலப்பு செய்து எதிர்ப்பை ஏற்றுவது மிகக் கடினம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் டி. ஆர். கணபதி குழு 2012இல் பெட்யூனியாப் பூவின் டிஃபென்சின் புரதத்தை ரஸ்தாளியில் ஏற்றியது. 2014இல் அதைவிடக் கூர்மையான வழியைக் காட்டியது. பூஞ்சாணத்துக்கு உயிர்நாடியான மரபணுக்களை முடக்கும் சிறு ஆர்.என்.ஏ.வை வாழையே தயாரித்து வைத்திருக்கும். உள்ளே நுழையும் பூஞ்சாணம் அதை எடுத்துக்கொண்டு தானே செயலிழக்கும். பசுமைக்குடிலில் இது நன்றாக வேலை செய்தது. ஆஸ்திரேலியாவிலோ ஜேம்ஸ் டேல் குழு, காட்டு வாழையின் ஆர்.ஜி.ஏ.2 என்ற எதிர்ப்பு மரபணுவைக் கேவண்டிஷ் வாழையில் ஏற்றி, டி.ஆர்.4 என்ற வாடல் வகை தங்கிய மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் நட்டுப் பார்த்தது. 2024இல் அந்த வாழைக்கு அங்கே அனுமதி கிடைத்தது. அதே டி.ஆர்.4 வகை வாடல் பீகாரில் நுழைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. காவிரிக்கரைக்கும் பண்ருட்டிக்கும் அது வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

விருத்தாசலத்தில் விற்கும் மல்லாட்டைக்கு வருவோம். இதில் இரண்டு பிரச்சினைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிக்கா இலைப்புள்ளியும் துரு நோயும் இலையைக் கொட்டவைத்து விளைச்சலைக் குறைப்பவை. இவற்றுக்குக் கலப்பே போதும். காட்டு மல்லாட்டை இனமான அராக்கிஸ் கார்டெனாசியிலிருந்து வந்த எதிர்ப்பு, தார்வாரில் உருவான ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஐதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் நிறுவனம், மரபணு அடையாளங்களைக் கொண்டு, டாக் 24, ஜே.எல். 24 போன்ற பழகிய ரகங்களுக்கு அந்த எதிர்ப்பைக் கடத்திக் காட்டிவிட்டது. இதற்கெல்லாம் மரபணு மாற்றம் வேண்டும் என்று கேட்பது வீண்.

அஃப்ளாடாக்சின் அப்படியில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சாணம், பருவத்தின் கடைசியில் வறட்சி பட்ட செடியின் காய்க்குள்ளும், ஈரம் காயாமல் குவித்து வைத்த மூட்டைக்குள்ளும் வளர்ந்து, கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கிறது. பருப்பைப் பார்த்தால் தெரியாது, தின்றாலும் தெரியாது. ஏற்றுமதிக்குப் போன சரக்கைப் பரிசோதித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பிய சரக்கும், பரிசோதனைக்கே போகாத சரக்கும் உள்ளூர்ச் செக்குக்கும் கடலை மிட்டாய்க்கும் போக வழியிருக்கிறது. முழு எதிர்ப்பு உள்ள ரகம் இதற்கும் இல்லை. 2018இல் இக்ரிசாட் விஞ்ஞானிகள் அமெரிக்காவின் டான்ஃபோர்த் மையத்துடன் சேர்ந்து இரட்டைத் தடை போட்டார்கள். ஒரு பக்கம் குதிரைமசால் இனச் செடிகளின் டிஃபென்சின் பூஞ்சாணத்தை வளரவிடாமல் செய்தது. மறு பக்கம் நஞ்சைத் தயாரிக்கும் பூஞ்சாண மரபணுக்களை ஆர்.என்.ஏ. முடக்கியது. நஞ்சின் அளவு பெரிய அளவில் குறைந்தது. நான் படித்த பூஞ்சாண எதிர்ப்பு ஆராய்ச்சிகளில், வயலைவிடச் சாப்பாட்டுத் தட்டுக்கு நேரடியாக உதவக்கூடியது இதுதான். குழந்தைகளுக்குக் கடலை உருண்டை கொடுக்கிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புதிதாக வந்திருப்பது மரபணுத் திருத்தம். அயல் மரபணு எதையும் கொண்டுவராமல், செடியிடம் இருப்பதிலேயே ஓரிரு எழுத்தை வெட்டுவது. சில நோய்களுக்குச் செடியின் மரபணு ஒன்றே கதவைத் திறந்துவிடுகிறது. அதை முடக்கினால் பூஞ்சாணம் உள்ளே வர முடிவதில்லை. பார்லியில் எம்.எல்.ஓ. என்ற மரபணு இயற்கையாகவே பழுதான எத்தியோப்பிய வகைகளை வைத்து ஐரோப்பா பல பத்தாண்டுகளாகச் சாம்பல் நோயைத் தடுத்து வருகிறது. அந்த எதிர்ப்பு இன்னும் உடையவில்லை. 2014இல் சீனர்கள் அதே கதவைக் கோதுமையில் அடைத்தார்கள். 2016இல் நெல்லில் ஓ.எஸ்.இ.ஆர்.எஃப்.922 என்ற மரபணுவைத் திருத்திக் குலைநோயைக் குறைத்தார்கள். இந்தியாவில் 2022 மார்ச்சில் வந்த ஆணை, அயல் மரபணு இல்லாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்ற உயிர்களுக்கான 1989 விதிகளின் கடும் நடைமுறையிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் சம்பா மசூரியிலிருந்து கமலா, எம்.டி.யு. 1010இலிருந்து பூசா டி.எஸ்.டி. நெல் 1 என்று இரண்டு திருத்திய ரகங்கள் அறிவிக்கப்பட்டன. இரண்டும் விளைச்சலுக்கும் வறட்சி, உவருக்குமானவை, பூஞ்சாணத்துக்கானவை இல்லை. ஆனால் பாதை திறந்திருக்கிறது. விலக்கு கொடுத்ததோடு அரசு ஒதுங்கிவிடக் கூடாது. திருத்தும் கருவியின் காப்புரிமை யாரிடம், விதையை உழவர் திரும்ப விதைக்கலாமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிய கவலையை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. சில தாவரக் கைட்டினேஸ்கள் ஒவ்வாமை உண்டாக்குபவை. ரப்பர்ப் பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாததற்கு அந்தப் புரதங்கள் ஒரு காரணம். ஆகவே எந்தச் செடியின் புரதம் எந்த உணவுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். நெல்லின் கைட்டினேஸை நெல்லில் ஏற்றுவதும், குதிரைமசால் டிஃபென்சினைக் கடலையில் ஏற்றுவதும் ஒரே அளவு கேள்விக்குரியவை இல்லை. நெல்லின் மகரந்தம் களை நெல்லுக்குப் போகலாம். ரஸ்தாளியில் அந்தப் பயமே இல்லை. வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சாணங்களுக்குப் பாதிப்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும். மறுபக்கம், இன்று அடிக்கும் மருந்தும் பாதுகாப்பான மாற்று இல்லை. குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோலின் எச்சத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பைக் கடுமையாகக் குறைத்தபோது வடநாட்டுப் பாசுமதி ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. மூக்கில் துணிகூடக் கட்டாமல் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலில் நடக்கிறவர் உடம்பில் போவதை எந்த வரம்பும் அளப்பதில்லை.

நம்பிக்கை எங்கே உடைந்தது என்பதற்கும் தூரம் போக வேண்டாம். நெய்வேலிக்குப் பக்கத்தில் உள்ள பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 கத்தரியும், பிடி மரபணு ஏற்றிய நான்கு தமிழ்நாட்டு ரகங்களில் ஒன்று. காய்த்துளைப்பான் புழுவுக்கு எதிராகச் செய்தது அது. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு சம்மதித்தது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்ட பின், 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்குத் தமிழ்நாட்டில் பெரும் ஆதரவு இருந்தது. சோதனைத் தரவு ஆரம்பத்தில் வெளியே வராததும், மரபணு ஒரு தனியார் விதை நிறுவனத்தினுடையதாக இருந்ததும் அந்த எதிர்ப்புக்கு உரம் போட்டன. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பின் வயல்வெளிச் சோதனைக்கு மாநிலத்தின் தடையில்லாச் சான்று தேவைப்பட, மதுரை நெல்லும் அதே கூடையில் போடப்பட்டு மூடப்பட்டது. கம்பெனிக் கத்தரிக்கும் பல்கலைக்கழக நெல்லுக்கும் வித்தியாசம் பார்க்க யாரும் நேரம் ஒதுக்கவில்லை. இது பெரிய இழப்பு.

இதற்கிடையில் கையில் இருப்பதை விட்டுவிடக் கூடாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ப. வித்யாசேகரன் போன்றோர் 1990களில் உருவாக்கிய சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் டால்க் தூள், கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவில், இலையுறை கருகலையும் குலைநோயையும் ஓரளவு தடுக்கிறது. மல்லாட்டை விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம். நம் சுரங்கத்து லிக்னைட் தூளும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம் பொட்டலங்களில் நுண்ணுயிரைச் சுமந்து ஊர் ஊராகப் போயிருக்கிறது. யூரியாவைப் பிரித்துப் போடுவதும், இடைவெளி விட்டு நடுவதும், செவ்வழுகல் இல்லாத வயலில் மட்டும் கரணை எடுப்பதும், மல்லாட்டையைத் தார்ப்பாயில் நன்றாகக் காயவைப்பதும் எந்த மரபணு வந்தாலும் தேவைப்படும்.

என் தீர்ப்பு இது. குலைநோய்க்கும் டிக்காவுக்கும் துருவுக்கும் மரபணு மாற்றம் தேவையில்லை. கலப்பு முறைக்கே பணத்தைக் கொடுக்க வேண்டும். இலையுறை கருகல், ரஸ்தாளி வாடல், மல்லாட்டை அஃப்ளாடாக்சின் ஆகிய மூன்றுக்கும் வேறு வழி கண்ணுக்குத் தெரியாததால், பொது நிறுவனங்கள் செய்த செடிகளை வயலில் சோதிக்க அனுமதிக்க வேண்டும். அந்தச் சோதனை விருத்தாசலம், கடலூர், பாலூர் ஆராய்ச்சி நிலையங்களிலேயே நடக்கட்டும். வேலி போட்டு, பூ பூக்கும் காலத்தில் காவல் வைத்து, உழவர் சங்கங்களையும் எதிர்ப்பவர்களையும் அழைத்துக் காட்டி, ஒவ்வொரு பட்டத்தின் முடிவையும் தமிழில் வெளியிட்டு நடக்கட்டும். நோய் குறையவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதட்டும். தடையில்லாச் சான்று கொடுக்கும் அதிகாரம் சென்னையில் இருக்கிறது. கடலூர் மாவட்ட உழவர்கள் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் நீரையும் இழப்பீட்டையும் கேட்பதோடு, இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.